மோவாயில் மூன்று கோடுகள்

போன வாரம் டச்சப் அக்காவைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அந்த வேலையை அவளே பார்த்துக்கொள்ளப் போகிறாள்.

புதிதாக வந்து உட்காருபவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற போட்டோ ஸ்டூடியோவில் படம் பிடிப்பவர் கணவர். பிடித்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பருவை எடுத்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்து, இரட்டைத் தாடையை ஒற்றைத் தாடையாக்கிக் கொடுப்பவள் மனைவி. அதனால்தான் தெருவுக்கே அவள் டச்சப் அக்கா. ஒரே மகள் வெளியூர் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அங்கே லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவன் மேல் ஆசைப்பட்டுவிட்டாள். பையன் வேறு தேசம், வேறு பாஷை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

பையனுடைய அம்மா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழுதட்டிலிருந்து மோவாய் வரைக்கும் மூன்று பச்சைக் கோடுகள் குத்தியிருப்பார். அவர்கள் பக்கத்தில் அது பெண்களுக்கு அம்மா வழியில் வருகிற மரியாதை. போன மாதம் அவர் வந்திருந்தபோது எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படம்தான் கல்யாணக் கார்டில் போட எடுத்து வைத்த படம்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் நாத்தனார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். கணவரின் அக்கா. "ஏம்மா, சம்பந்தி மூஞ்சியில அது என்ன கோடு? நம்ம ஆளுங்க பார்த்தா ஜெயில்ல இருந்துட்டு வந்தவங்களான்னு கேப்பாங்க" என்றாள். டச்சப் அக்கா போனை வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கன்னத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மோவாயில் ஒட்டினாள். டீ ஆறுவதற்குள் மூன்று கோடும் போன இடம் தெரியவில்லை. கார்டு அச்சாகி, சொந்தபந்தம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தும் விட்டது.

வெளியூரில் இருக்கிற மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் மட்டும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர்கள் வருகிற நாள்.

காலையில் கடையைத் திறந்ததுமே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் பறக்கிற குருவி ஒன்றைப் பச்சை குத்தியிருந்தாள்.

"அக்கா, குருவியை எடுத்துடுங்க. ஹோட்டல் வேலைக்குப் படம் அனுப்பணும்."

"நேர்ல கூப்பிட்டா என்னம்மா பண்ணுவே?"

"காலர் வச்ச சட்டை போட்டுப்பேன். வேலை கிடைச்சப்புறம் யாரு கழுத்தைப் பார்க்கப் போறாங்க?"

அவள் போனதும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒருவன் வந்தான். புஜத்தில் புலி. "மங்கலா தெரியுதுக்கா. போஸ்டர்ல போடணும், நல்லா உறுமற மாதிரி வைங்க" என்றான். டச்சப் அக்கா ஒருத்திக்குக் குருவியை விரட்டினாள், ஒருத்தனுக்குப் புலிக்குத் தீனி போட்டாள். இத்தனை வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் பாவம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டாள், இவனும் கேட்டான். சம்பந்தியம்மா கேட்கவில்லை. 

கார்டைக் கண்ணில் காட்டாமல் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட்டால் போதும், அதற்கப்புறம் யார் கார்டைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்போதுதான் முன் அறையில் சுத்தியல் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கதவு அகலத்துக்கு ஒரு ஃப்ரேம். அதே படம். நாற்காலியின் மேல் நின்றுகொண்டு கணவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு? சம்பந்தியம்மாவுக்கு நம்ம பரிசு. உள்ளே வந்ததும் முதல்ல கண்ணுல படணும்னுதான் இங்கே மாட்டறேன். கல்யாணம் முடிஞ்சு ஊருக்குப் போறப்ப கையோட கொடுத்துடலாம்."

"இந்தப் படத்தை எங்கேருந்து எடுத்தீங்க?"

"உன் கம்ப்யூட்டர்ல ஃபைனல்னு போட்டு வச்சிருந்தியே, அதுலேருந்துதான்."

"கழட்டுங்க. மொதல்ல இறங்குங்க, கழட்டுங்க!"

"ஏன்? நேரா இல்லையா?"

அப்பாவி மனுஷர். வெளிச்சம் விழுந்த கோணத்தைப் பார்ப்பார், அது விழுந்த முகத்தைப் பார்க்க மாட்டார். அவள் நாற்காலியைப் பிடித்து இழுப்பதற்கும் வாசலில் டாக்சி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

மகள் முதலில் இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை, இரண்டு கையிலும் பெட்டி. நம் பாஷையை அவன் மகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். அவள் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் படித்தவன் ஆதலால் மாமனாரிடமும் "சரிம்மா, வந்துட்டேம்மா" என்றுதான் பேசுவான். வழக்கமாக வீடே சிரிக்கும். இன்றைக்கு டச்சப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பந்தியம்மா கடைசியாக இறங்கினார். நல்ல உயரம். தோள் அகலம். இரண்டு கையாலும் டச்சப் அக்காவின் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீங்களா?" என்று நம் பாஷையிலேயே கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். சொல்லி முடித்த சந்தோஷத்தோடு உள்ளே நுழைந்து, நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் மகனைப் பார்த்தார், சிரித்தார். மருமகளைப் பார்த்தார், சிரித்தார். பிறகு நடுவில் நின்றுகொண்டிருந்த தன்னைப் பார்த்தார். கிட்டப் போனார். தன் மோவாயை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். படத்திலிருப்பதை இல்லை, தன் முகத்தில் இருப்பதை. எங்கே போய்விட்டதோ என்று தேடுகிற மாதிரி.

பிறகு மகனிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் திணறினான். "அம்மா கேக்கறாங்க… ஃப்ரேம் ரொம்ப நல்லா இருக்கு, யாரு பண்ணாங்கன்னு."

"அவங்க அதைக் கேக்கலை" என்றாள் மகள்.

ஒரு வருஷமாக அவளும் அவர்கள் பாஷையைப் படித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றார் கணவர்.

"படத்துல நடுவுல நிக்கறது யாருன்னு கேட்டாங்கப்பா."

அந்த அறையில் விளக்கு வேறு அத்தனை பிரகாசமாக இருக்க வேண்டுமா? டச்சப் அக்காவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயிலிருந்து பொய் தானாக வந்தது.

"அது வந்து… கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா மூஞ்சியில இருக்கறதை எல்லாம் அதுவே எடுத்துடும். ஏகப்பட்ட வேலை, நான் கவனிக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க."

மாப்பிள்ளை ஆர்வத்தோடு அதை அப்படியே மொழிபெயர்த்தான். பட்டன் அழுத்துகிற மாதிரி விரலால் செய்தும் காட்டினான். சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். டச்சப் அக்காவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு டீயை வாங்கிக் குடித்துவிட்டு, பயணக் களைப்பு என்று சொல்லி, அடுத்த தெருவில் அவர்களுக்காகப் போட்டிருந்த லாட்ஜ் அறைக்கு மகனோடு கிளம்பிப் போனார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு தட்டு இருக்கிறதே, அது தோளிலேயே கிடந்து கனத்தது.

கணவர் மறுபடியும் நாற்காலியில் ஏறினார். ஃப்ரேமைக் கழற்றி, முகம் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அப்படி ஒரு பட்டன் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

கம்ப்யூட்டர் அறைக்குள் மகள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"நான் ஓகே சொன்ன படத்துல கோடு இருந்துச்சும்மா."

"இருந்துச்சு."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"உன் அத்தை போன் பண்ணா…"

"அத்தைக்கு போட்டோ டச்சப் பண்ணத் தெரியுமா?"

டச்சப் அக்கா கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். வாய் அடைத்துப்போனால் அவள் கை எதையாவது துடைக்கும்.

"இங்கே வர்றவங்க பாதிப் பேரு எடுத்துடுங்கன்னுதானே கேக்கறாங்க" என்றாள் கடைசியில். "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்… யாரும் ஒண்ணும் சொல்லிடக்கூடாதேன்னு…"

"யாரை? அவங்களையா, நம்மளையா?"

டச்சப் அக்கா மவுஸைத் துடைக்கப் போனாள்.

"அது ஃபேஷனுக்குக் குத்தறது இல்லைம்மா. ஒரு தடவை நான்கூட ஆசையா எனக்கும் ஒண்ணு குத்தி விடுங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, அது நீ கேட்டு வாங்கற சாமான் இல்ல கண்ணு, அது எங்க அம்மாங்க வீட்டு முகவரின்னாங்க. எனக்கே கிடையாதுன்னுட்டாங்க. அதைப் போய் நீ பரு கிள்ளற மாதிரி கிள்ளிப் போட்டிருக்கே."

அப்போது மகளின் போன் அடித்தது. மாப்பிள்ளை. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு, அம்மா பக்கம் திரும்பினாள்.

"லாட்ஜுக்குப் பக்கத்துக் கடையில முகத்துக்குப் பூசற க்ரீம் வாங்கிட்டு வரச் சொன்னாங்களாம். தழும்பு மறைக்கறது. அவங்க வாழ்க்கையில பவுடர்கூடப் போட்டது இல்லைம்மா."

"எதுக்காம்?"

"நீயே வந்து கேளு."

டச்சப் அக்கா மகளோடு லாட்ஜுக்கு நடந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கைப் பழக்கம் என்று சொல்லலாமா? அவசரம் என்று சொல்லலாமா? இன்னமும் பூசி மெழுகத்தான் பார்க்கிறோம் என்று தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

கதவைத் திறந்துவிட்டு மாப்பிள்ளை வெளியே போய் நின்றுகொண்டான். உள்ளே சம்பந்தியம்மா கண்ணாடி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரி, கண்ணாடியிலேயே இவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மோவாய் முழுக்க ஏதோ ஒரு வெளிர் நிறம் அப்பியிருந்தது. முகத்து நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தாண்டியும் மூன்று கோடும் மங்கலாகத் தெரிந்தன.

அவர் பேசினார். மகள் பக்கத்தில் நின்று, ஒரு சொல் விடாமல் சொல்லத் தொடங்கினாள்.

"வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. எத்தனை பூசினாலும் கோடு மேல வந்துடுது. எனக்கு இந்த வேலை தெரியாது. நீங்க கெட்டிக்காரங்க. சரி பண்ணி விடுங்க."

ஸ்பாஞ்சை எடுத்து நீட்டினார்.

டச்சப் அக்கா வாங்கவில்லை. "எதுக்கு… இதெல்லாம் எதுக்கு?"

"கார்டு எல்லாருக்கும் போயிடுச்சாமே. உங்க சொந்தக்காரங்க அந்த முகத்தைப் பார்த்துட்டுத்தான் வருவாங்க. வேற முகம் வந்து நின்னா உங்களுக்குத்தானே தலைகுனிவு? ஒரு நாள்தானே. பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கறேன்."

மகள் இதைச் சொல்லும்போது அம்மாவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள். சம்பந்தியம்மா மேலே பேசினார். இப்போது குரல் இன்னும் தணிந்திருந்தது.

"எங்க அம்மாவுக்கு இந்தக் கோடு இருந்துச்சு. வெளியில போனா துணியைச் சுத்தி மறைச்சுக்குவாங்க. கோடு இருக்கறவங்களைக் கடைக்குள்ளகூட விட மாட்டாங்க அப்போ. என் பொண்ணுங்களுக்கு இந்தக் கஷ்டம் வேணாம்னு அவங்களே தீர்மானம் பண்ணி, எனக்குக் குத்தாம விட்டுட்டாங்க. எனக்கு வேலை கிடைச்சுது. சுத்தமான முகம்னு மெச்சிக்கிட்டாங்க. ஒவ்வொரு நாளும் வண்டியில ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்ப்பேன். யாரோ மாதிரி இருக்கும். அம்மா போனப்புறம் என் பெரியம்மாங்க எல்லாம் சுத்தி உட்கார்ந்து குத்தி விட்டாங்க. வலிச்சுது. ஆனா அன்னிக்குத்தான் கண்ணாடியில என்னைப் பார்த்தேன்."

 மகள் ஜன்னலை விட்டு அம்மாவைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"இன்னிக்கு நீங்க சுவத்துல மாட்டி வச்சிருந்தது அந்தப் பழைய முகம். அதை இனிமே பார்க்கக் கூடாதுன்னுதான் நான் இதைக் குத்திக்கிட்டேன்."

டச்சப் அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் என்றால் முகத்தில் வரும் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இது முதுகில் ஏறியது, உள்ளங்கையில் வேர்த்தது.

"அந்தப் பட்டன்…" என்று தொடங்கினாள்.

சம்பந்தியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். ஏதோ சொன்னார். மகள் தயங்கி, பிறகு சொன்னாள்.

"பட்டன் இல்லைன்னு அப்பவே தெரியும். உங்க வீட்டுக்காரர் மூக்கு மேல இருக்கற மரு படத்துல அப்படியே இருந்துச்சு."

அடக் கடவுளே! தெரிந்துகொண்டேதானா அந்த டீயைக் குடித்தார்? தெரிந்துகொண்டேதானா தோளைத் தட்டினார்?

"நான் தெரிஞ்சேதான் அழிச்சேன்" என்றாள் டச்சப் அக்கா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாத்தனார் போன் பண்ணாங்க, அது நிஜம். ஆனா அவங்க பண்ணாட்டியும் அழிச்சிருப்பேன். நீங்க முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே, இதை எப்படி மறைக்கறதுன்னுதான் என் கண்ணு பார்த்துச்சு. உங்களை மனுஷியா பார்க்கலை. எனக்கு வெட்கமா இருந்துச்சு, உங்களோட நிக்கறதுக்கு."

கடைசி வாக்கியத்தில் மகளின் வாய் நின்றுவிட்டது.

"சொல்லு" என்றாள் டச்சப் அக்கா.

மகள் சொன்னாள். சம்பந்தியம்மா வெகுநேரம் ஸ்பாஞ்சை விரலுக்குள் அழுத்திக்கொண்டே இருந்தார். டச்சப் அக்கா எழுந்தாள். குழாயில் துண்டை நனைத்துக்கொண்டு வந்து, அந்த மோவாயைத் துடைக்கக் கையை நீட்டினாள். சம்பந்தியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டீயரிங் பிடித்த கை, லேசில் விடவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? கார்டு எனக்கு வரலையே. யாருக்கு அனுப்பினீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் துடைக்கலாம்."

நியாயம்தானே. டச்சப் அக்கா இன்னொரு கையால் போனை எடுத்தாள். சொந்தக்காரர்களில் யாருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொன்னதாகுமோ அந்த எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தி, மேஜை மேல் வைத்தாள். எதிர்முனையில் நாத்தனார் இவளைப் பேசவே விடவில்லை.

"வந்தாச்சா சம்பந்தி? ஏம்மா, நேர்ல இன்னும் அசிங்கமா தெரியுமே, என்ன பண்ணப் போறே? உனக்குத்தான் மறைக்கற வித்தை தெரியுமே, நாலு பூச்சு நல்லா அப்பி விட்டுடு. அடுத்த வருஷம் என் பையனுக்குப் பொண்ணு பார்க்கப் போறப்ப இந்தக் கல்யாண ஆல்பத்தைத்தான் காட்டணும். அந்த மூஞ்சியைப் பார்த்தா எவன் பொண்ணு குடுப்பான்?"

 அத்தனையும் நாத்தனாரின் வாயிலிருந்து வந்தவைதான். ஆனால் அதில் ஒரு சொல்கூட டச்சப் அக்காவுக்குப் புதிதில்லை. தன் மனசுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தவைதான் எல்லாம். இப்போது அவை மேஜை மேலிருந்து உரக்கக் கேட்டன.

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கண்ணாலேயே கேட்டார்.

மகள் போனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா… இதையும் சொல்லணுமா? நான் வேற ஏதாவது சொல்லிடறேனே."

வேண்டாம் என்று சொல்லிவிட ஒரே ஒரு தலையசைப்பு போதும். மகள் நாசூக்காக ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். கல்யாணம் நல்லபடியாக நடக்கும். டச்சப் அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அப்பிய மோவாயோடு ஒரு பெண்ணும், ஈரத் துண்டோடு ஒரு பெண்ணும் தெரிந்தார்கள்.

"அப்படியே சொல்லு" என்றாள். "ஒரு வார்த்தையைக்கூட எடுக்காதே."

மகள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அசிங்கம் என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல் என்று ஒரு கணம் தேடி, அதையும் சொன்னாள்.

சம்பந்தியம்மா ஸ்பாஞ்சைக் கீழே வைத்தார். டச்சப் அக்காவின் மணிக்கட்டை விட்டுவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, லைன்ல இருக்கியா? பக்கத்துல யாரு பேசறாங்க?" என்று நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். மிச்சத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.